பூளைப்பூ விலைக்கு வந்த ஊர்

பொங்கலுக்கு முதல்நாள் மாலை பெரியகுளம் மூன்றாந்தல் பக்கம் போனால், கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் குலைக்கும் நடுவே சாக்கை விரித்துச் சில பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே சின்னச் சின்னக் கட்டுகள். ஒரு வேப்பங்கொப்பு, ரெண்டு கொத்து ஆவாரம்பூ, நாலைந்து பூளைப்பூக் கதிர், கூட ஒரு மாவிலை. எல்லாவற்றையும் சேர்த்து வாழைநாரில் ஒரு முடிச்சு. அதுதான் காப்பு. வீட்டு நிலைக்கு ஒன்று, மாட்டுக் கொட்டத்துக்கு ஒன்று, தோட்டத்து மோட்டார் ரூமுக்கு ஒன்று, டிராக்டருக்கு ஒன்று என்று விரல்விட்டு எண்ணி வாங்கிப் போவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் வாங்கினேன். கட்டிக் கொடுத்த பாட்டியிடம், “எங்க பாட்டி பறிச்சீங்க?” என்று கேட்டேன்.

“முன்னெல்லாம் வாய்க்கா மேட்டுலயே கெடந்துச்சுய்யா. மருந்தடிச்சு அடிச்சு ஒண்ணுமில்லாமப் போச்சு. இப்பக் கரட்டுப் பக்கம் போய்த்தான் புடுங்கிட்டு வர்றோம். மாவெல கெடைக்குது, வேப்பல கெடைக்குது. இந்தப் பூளதான் செரமம்.”

பூளைப்பூ, கூரைப்பூ, சிறுபீளை, கண்ணுப்பிள்ளை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் இந்தச் செடி பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. கம்பளி நூலைச் சுருட்டி ஒட்டியது மாதிரி இலைக்கு இலை வெள்ளைப் பூ. யாரும் விதைத்ததில்லை, தண்ணீர் ஊற்றியதில்லை. ஐப்பசி மழையில் முளைத்து, மார்கழிப் பனியில் பூத்து, தை பிறக்கும்போது நம் நிலைப்படிக்கு வந்து சேரும். அப்படிப்பட்ட செடியைக் காசு கொடுத்து வாங்கும் நிலை வந்தது அன்று என்னை உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் வாசல் பக்கம் காலியாகக் கிடந்த கால் சென்ட் மண்ணில், இந்தப் பகுதிக்கே உரிய செடிகளை மட்டும் வைப்பது என்று முடிவெடுத்தேன். அதற்காகத் தேடியும் படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

வேலி இருந்த காலம்

இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். தாமரைக்குளம், கள்ளிப்பட்டி, எண்டப்புளி. கிழக்கே போனால் உசிலம்பட்டி. தேவதானப்பட்டியில் கோயில் கொண்டிருக்கும் அம்மனுக்கு மூங்கிலணைக் காமாட்சி என்று பெயர். பெரியகுளம் பாலசுப்பிரமணியர் கோயிலை ஒட்டி ஓடும் வராக நதியின் இரு கரையிலும் எதிரெதிராக நிற்கும் மருத மரங்களில் ஒன்றை ஆண் என்றும் மற்றதைப் பெண் என்றும் சொல்லி, நடுவே ஓடும் நீரைத் தீர்த்தமாக நினைத்துக் குளிக்கிறார்கள். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குக் கம்பமாக நடுவது அத்தி மரத்து முக்கொம்பு. மரத்தையும் செடியையும் வைத்து ஊரையும் சாமியையும் அடையாளம் சொன்ன மண் இது.

ஆனால் செடிகள் உண்மையில் பிழைத்துக் கிடந்த இடம் கோயிலும் இல்லை, காடும் இல்லை. தோட்டத்து வேலி.

உயிர்வேலி என்று ஒன்று இருந்ததை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பார்த்திருப்பார்கள். மழைக்கு முன்னால் கிளுவைக் குச்சியை முழ நீளத்துக்கு வெட்டி வரப்பில் நெருக்கமாக ஊன்றிவிடுவார்கள். ஈரம் பட்டதும் துளிர்த்துவிடும். ரெண்டு வருடத்தில் ஆடு நுழைய முடியாத முள்சுவர். அதன் மேல் கோவைக்கொடியும் முடக்கத்தானும் தானாக ஏறும். காலடியில் பிரண்டை. நிழல்பட்ட பக்கம் தூதுவளை. இடையிடையே சங்கஞ்செடி, காரை, சூரை, நொச்சி. வெளிப்பக்கம் ஆவாரை, எருக்கு, துத்தி. மழை பெய்து சில வாரம் கழித்துப் பார்த்தால் வேலியின் உச்சியில் செங்காந்தள் தீ மாதிரி பூத்திருக்கும். தமிழ்நாட்டின் மாநிலப் பூ அது. நமக்கு அது வேலிப்பூ.

இந்த வேலிக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. கௌதாரி முட்டையிட்டது. செம்போத்து உள்ளே புகுந்து ஓணானைப் பிடித்தது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து தரையைக் கிளறின. சளிக்குத் தூதுவளை ரசம், மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை, வயிறு மந்தமென்றால் பிரண்டைத் துவையல் என்று வீட்டு வைத்தியப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. தலைக்குத் தேய்க்க உசிலைத்தூள் கரட்டு மரத்திலிருந்து வந்தது.

பிறகு கல்லுக்கால் நட்டு முள்கம்பி வந்தது. வரப்பில் ஒரு முழம் இடம் மிச்சம், வருடா வருடம் கழிக்கும் கூலியும் மிச்சம். தோட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் சுருங்கி, கூலி ஏறிய காலத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் வேலியோடு என்னவெல்லாம் போயிற்று என்பதை அப்போது யாரும் கணக்கெடுக்கவில்லை.

மாம்பூவுக்கு வரும் விருந்தாளிகள்

பெரியகுளத்துக்காரர்களுக்குச் செடி என்றால் பெருமைக்குக் குறைவில்லை. இங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாகி 1989-ல் வெளியான பி.கே.எம்.-1 செடிமுருங்கை இன்று பல நாடுகளில் விதைக்கப்படுகிறது. அந்த மூன்றெழுத்து நம் ஊர்ப் பெயரின் சுருக்கம். எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்து நாட்டு முருங்கையிலிருந்து தேர்வு செய்து எடுத்த ரகம் அது. நாட்டு வகையைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் கிடைத்த பலன்.

அதே கண்ணோடு மாந்தோப்பையும் பார்க்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் மலையடிவாரத் தோப்புகளில் மாம்பூ வாசனை மூக்கைத் துளைக்கும். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூ. பெரும்பாலும் ஆண் பூக்கள். காய் பிடிக்கக்கூடியவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கும் மகரந்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை ஈக்களும் தேனீக்களும் வண்டுகளும். மாம்பூ சில வாரம்தான் இருக்கும். மீதி நாளெல்லாம் அந்தப் பூச்சிகள் எதைத் தின்று உயிரோடு இருக்கும்? தோப்புத் தரையைப் பொட்டல் மாதிரி உழுதுபோட்டு, வேலியையும் எடுத்துவிட்டு, களைக்கொல்லியும் அடித்தால் அடுத்த மார்கழிக்கு அவை எங்கிருந்து வரும்?

தென்னாப்பிரிக்காவில் இதையே கேள்வியாக எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இயற்கைக் காட்டிலிருந்து தள்ளிப் போகப் போக மாந்தோட்டங்களில் விளைச்சல் குறைவதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குள்ளேயே அந்த மண்ணின் பூச்செடிகளைச் சிறு சிறு பாத்திகளாக வைத்தபோது அந்தக் குறை தணிந்தது. 2012-ல் இதை வெளியிட்டார்கள். அவர்கள் வைத்தது ஒரு கற்றாழை வகையும், பார்லேரியா இனத்தைச் சேர்ந்த ஒரு குறுஞ்செடியும். பார்லேரியா என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் கரட்டோரம் முள்ளோடு மஞ்சளாகப் பூக்கிறதே செம்முள்ளி, அது அதே குடும்பத்துப் பிள்ளை. பல் ஆடினால் பாட்டிமார் வேரைத் தேடிய அதே செம்முள்ளி.

தோப்புக்காரர்கள் ஒரு மூலையில் நாலு செம்முள்ளியும் வரப்போரம் ஆவாரையும் தும்பையும் விட்டுவைத்தால் செலவு என்று எதுவும் இல்லை. வீட்டில் ஒற்றை மாமரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

ஆவாரம்பட்டையும் கொடைக்கானல் புல்வெளியும்

ஆவாரை பூக்கிற இடத்தில் சாவைப் பார்க்க முடியாது என்று ஒரு சொலவடை உண்டு. சர்க்கரை நோய்க்காரர்கள் பூவைக் காயவைத்துத் தண்ணீரில் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். மருந்து மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அந்தச் செடிக்கு இன்னொரு கதை இருக்கிறது. அது இந்த மலையையே மாற்றிய கதை.

தென்னிந்தியாவில் தோல் பதனிடப் பல காலம் பயன்பட்டது ஆவாரம்பட்டைதான். கரட்டில் பட்டை உரித்துக் கட்டி விற்ற குடும்பங்கள் எத்தனையோ. பிற்பாடு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரத்துப் பட்டையை இறக்குமதி செய்யத் தொடங்கினார்கள். வாட்டில், ஆஸ்திரேலிய மரம். அதை இங்கேயே வளர்த்துக்கொள்ளலாம் என்று நீலகிரியிலும் பழனிமலையிலும் புல்வெளிகளில் நட்டார்கள். சும்மா கிடக்கிற நிலம் என்று நினைத்த அந்தப் புல்வெளிதான் மழையைக் குடித்து வைத்திருந்து கோடையில் ஓடையாகக் கசியவிட்டது. வாட்டில் விதை வெடித்துப் பரவியது. நட்ட இடத்தோடு நிற்கவில்லை. கொடைக்கானல் மேல்மலையில் இன்று காடு மாதிரி தெரிகிற பல இடங்கள் முன்பு புல்லாகக் கிடந்தவை. வராக நதி பிறப்பது அந்த மலையில். மலைமேல் நட்ட மரத்துக்கும் நம் வீட்டுக் குழாய்க்கும் சம்பந்தம் இருக்கிறது.

அந்த மலையின் செடிகொடிகளை எழுதிவைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். செண்பகனூரில் இருந்த சேசுசபை குரு ஆங்லாட் அவற்றை வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அவருக்குப் பின்வந்த கே.எம்.மேத்யூ, திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரக்கூடத்தை நிறுவி, சமவெளித் தாவரங்களைப் பல தொகுதிகளாகவும், 1999-ல் பழனிமலைத் தாவரங்களைத் தனியாகவும் தொகுத்தார். கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் பாப் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் என்ற இங்கிலாந்துத் தம்பதி சோலைக்காட்டு மரங்களை விதையிலிருந்து வளர்க்கும் நாற்றங்காலை நடத்தினார்கள். சோலை மரத்து விதையை முளைக்க வைப்பது பொறுமைக்கு வைத்த பரீட்சை. அதை வருடக் கணக்கில் செய்தார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கொடைக்கானலிலிருந்து செடி வாங்கிவந்து பெரியகுளத்தில் வைத்துவிடாதீர்கள். மோட்டார் ரோடு வருவதற்கு முன் கொடைக்கானலுக்குப் போனவர்கள் நம் கும்பக்கரை வழியாக, வெள்ளகவியைத் தாண்டித்தான் ஏறினார்கள். கால்நடையாக ஒரு பகல். அந்த ஒரு பகலில் சுமார் 1,000 அடியிலிருந்து 7,000 அடிக்குப் போய்விடுகிறோம். கீழே உசில், புரசு, கோங்கு. கொஞ்சம் ஏறினால் வேங்கை. உச்சியில் சோலையும் குறிஞ்சியும். 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சியைப் பார்க்கப் போனவர்களில் சிலர் ஆசையாகக் கொப்பை ஒடித்துக்கொண்டு இறங்கினார்கள். அது நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. மண்ணுக்குரிய செடி என்பது மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ பொது இல்லை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கெட்டும் கரட்டில் எது தானாக நிற்கிறதோ, அதுதான் உங்கள் வீட்டுக்கு.

கொன்றை என்று வாங்கியது

நான் முதலில் தப்பு செய்த இடம் மரம். ஒரு நர்சரியில் கொன்றை என்று சொல்லிக் கொடுத்தார்கள். மஞ்சள் பூ பூக்கும் என்றார்கள். பூக்கவும் பூத்தது. ஆனால் பூ கொப்பின் நுனியில் மேல்நோக்கி நின்றது. தட்டையாகக் காய் வந்தது. அது கிழக்கே தாய்லாந்து, பர்மா பக்கத்திலிருந்து வந்த மஞ்சள் கொன்றை. சாலையோரம் நிறைய நட்டிருக்கிறார்கள். நம் சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும். காய் ஒரு முழத்துக்குக் கறுப்புக் குழாய் மாதிரி இருக்கும். இந்த ரெண்டும் தெரிந்திருந்தால் ஏமாற வேண்டியதில்லை. இதே மஞ்சள் மயக்கத்தில் வந்த இன்னொரு அயல் கொன்றைதான் முதுமலைக் காட்டில் புலி நடக்கும் பாதையெல்லாம் அடைத்துக்கொண்டது. வனத்துறை அதை அகற்றும் வேலையில் இறங்க வேண்டியதாயிற்று.

அயல்நாட்டுச் செடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மிளகாயும் தக்காளியும் வெளியிலிருந்து வந்தவை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியும் வந்த கொடிதான். சோறு போடுகிற செடிக்கு நன்றி உண்டு. ஆனால் கட்டுப்பாடில்லாமல் பரவிய சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் எதற்கும் இடம் விடவில்லை. அலங்காரத்துக்கு என்று வந்த கோனோகார்பஸை குஜராத் அரசு 2023-ல் தடை செய்தது. நம் அரசும் 2022-ல் அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. அதே வருடம் பசுமைத் தமிழகம் இயக்கமும் தொடங்கியது. நல்ல காரியம். எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு. நடுவது என்றாலே மரம் என்றே நினைக்கிறோம். குத்துச்செடியும் தரைச்செடியும் பெரும்பாலும் யார் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. பூச்சிக்கும் குருவிக்கும் அவைதான் வீடு.

சரக்கொன்றை இப்போது என் வாசலின் மேற்கு ஓரத்தில் நிற்கிறது. விதை கல் மாதிரி கடினம். ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து, வெந்நீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவைத்தால்தான் முளைக்கும். ஆவாரைக்கும் அதே பக்குவம். நாற்று வாங்கி நடுவதைவிட விதையை நேரே மண்ணில் ஊன்றுவது நல்லது. ஆணிவேர் வளையாமல் இறங்கும். புரட்டாசிக் கடைசியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையே வளர்த்துவிடும். சித்திரை, வைகாசி ரெண்டு மாதத்துக்கு மட்டும் முதல் வருடம் வாரம் ஒரு குடம் ஊற்றினேன். பிறகு அதுவும் இல்லை. எரு வைக்கக் கூடாது. கொழுத்தால் இலைதான் வரும், பூ வராது.

மூன்று சென்ட் வீட்டுக்காரர்கள் மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருக்க வேண்டும். அரசும் ஆலும் அத்தியும் புனிதம்தான், ஆனால் சுவரைப் பிளந்துவிடும். மருதம் ஆற்றங்கரைக்கு உரியது. சின்ன வாசலுக்கு ஆத்தி, வெட்பாலை, சரக்கொன்றை போதும். கொஞ்சம் இடம் இருந்தால் புங்கன். அதன் நிழல் குளிர்ச்சி வேறு எதற்கும் வராது. பொறுமை இருந்தால் மகிழம். சாக்கடை ஓரத்துக்கு நொச்சி. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் செங்காந்தளைத் தள்ளியே வையுங்கள். கிழங்கு கொடிய விஷம். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது.

ஆவாரை பூத்த முதல் வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணி வெயிலில், லேசாகப் பச்சை ஓடிய வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்று செடியைச் சுற்றியது. பூவைத் தொடவே இல்லை. கொழுந்து இலையில் ஒரு நொடி உட்காரும், வயிற்றை வளைத்து இலையைத் தொடும், எழுந்துவிடும். கிட்டப்போய்ப் பார்த்தேன். எள்ளைவிடச் சின்னதாக, ரெண்டு முனையும் கூம்பிய வெள்ளை முட்டை, ஒற்றைக்காலில் நிற்பது மாதிரி செங்குத்தாக நின்றது. நாலாவது நாள் புழு. இலையின் பச்சையும் புழுவின் பச்சையும் ஒன்றே. விலாவில் ஓடிய கோடுதான் காட்டிக்கொடுத்தது. ரெண்டு வாரத்தில் பாதிச் செடி மொட்டை. பக்கத்து வீட்டு அக்கா, “மருந்து அடிங்க தம்பி, செடியே போயிரும்” என்று பதறினார். நான் அடிக்கவில்லை. ஒரு மாதத்தில் செடி முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்தது. தேன்சிட்டு ஒன்று புழு பொறுக்கவே தினமும் வரத் தொடங்கியது.

பட்டாம்பூச்சிக்குத் தேன் பல பூக்களில் கிடைத்துவிடும். முட்டையிட அதற்கென்று உள்ள செடிதான் வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு வில்வமும் எலுமிச்சையும். 2019-ல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனுக்கு மலைக்காட்டு மரவெட்டி. வாசல் நிறையக் காகிதப்பூ வைத்தால் பார்க்க அழகுதான். பட்டாம்பூச்சிப் புழுவுக்கு அதில் சாப்பாடு கிடையாது.

பூளைக்கு நான் எதுவுமே செய்யவில்லை. அந்தப் பாட்டியிடம் வாங்கிய காப்பு நிலையில் காய்ந்து தொங்கியது. மாசி கடைசியில் அவிழ்த்து, பஞ்சை உள்ளங்கையில் கசக்கி, சுவரோரம் தூவிவிட்டேன். ஏழெட்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு சிமென்ட் விளிம்பில் முதல் இலை வந்தது. கூடவே எங்கிருந்தோ தும்பையும் வந்தது.

இந்தப் பொங்கலுக்கு முதல்நாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டின் மேல் கைவைத்து நின்றார். “தம்பி, காப்புக் கட்ட ரெண்டு பூளை குடுங்க. வண்டிக்கும் சேத்து.” எதிர்வீட்டுக்கும் கொஞ்சம் போனது. அண்ணன் வீட்டுக்கு ஒரு கட்டு. எங்கள் நிலைக்கு வேண்டியதைப் பறித்துக்கொண்டு, சுவரை ஒட்டி நின்ற பத்துப் பன்னிரண்டு செடியைத் தொடாமல் விட்டுவிட்டேன். மாசிக் காற்றில் அந்தப் பஞ்சு எதிரே இருக்கும் காலிமனைப் பக்கம் பறக்கும்.